ஆமென் சொல்வதற்குள்

கிளம்பச் சொல்லிச் சிவப்பு விளக்குகள் ஐந்தும் அணைந்தபோது ரெஜிலா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ஜெபம் பாதியில்தான் இருந்தது. இந்த வண்டியையும், இதில் இருக்கிறவர்களையும், எதிரே வருகிறவர்களையும் காத்தருளும் என்று வழக்கமான வரிசையில் போய்க்கொண்டிருந்தாள். எதிரே யார் வரப்போகிறார்கள், இது பந்தயப் பாதையல்லவா என்று ஓர் எண்ணம் குறுக்கே வந்தது. அதை ஒதுக்கித் தள்ளி, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தாள். முன்னால் நின்ற ஏழு வண்டிகளையும் காணோம். பின்னால் நின்ற இரண்டையும் காணோம். பெட்ரோல் வாசனை மட்டும் மிச்சம் இருந்தது.

"எக்கா! ஒறங்குதியளா?" கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற சிஜோ, டிராக்கை நடத்துகிறவன், தொண்டை கிழியக் கத்தினான். "எல்லாவனும் போயாச்சு! போங்க எக்கா, போங்க!"

போனாள். பத்துப் பேர் ஓட்டிய அந்த ஒத்திகைப் பந்தயத்தில் எட்டாவதாக வந்தாள். வண்டியிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியபோது காதெல்லாம் சூடாக இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் தண்ணீர்க் குடத்துப் பக்கம் நடந்தாள்.

"என்ன எக்கா, வண்டி ஸ்டார்ட் ஆவல்லியா?" என்று கேட்டபடி லிஜி வந்தாள். தேங்காய்ப்பட்டணத்து மீன் வியாபாரியின் மகள், பொறியியல் கல்லூரி மூன்றாம் ஆண்டு. முதலாவதாக வந்தவள் அவள்தான். வியர்வையில்கூட அலட்டிக்கொள்ளாத முகம்.

பொய் சொல்ல நினைத்தாள் ரெஜிலா. வரவில்லை. "ஜெபம் பண்ணினேன்."

லிஜி ஒரு நொடி பார்த்தாள். பிறகு குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்க சர்ச்சுக்க ஜெபம் நீளம் எக்கா! எங்களப் பாருங்க." நெற்றி, மார்பு, இடத்தோள், வலத்தோள் என்று கண் இமைப்பதற்குள் சிலுவை வரைந்து காட்டினாள். "தீந்துது! ஒரு செகண்டு. கடல்ல அல அடிச்சு வரும்போ கண்ண மூடி நின்னா என்னாவும்? வேணும்னா நீங்களும் போட்டுக்கிடுங்க, யாரும் பாக்கமாட்டாவ."

"எங்க மாமி பாப்பாவ" என்றாள், சிலுவை போடும் வழக்கமில்லாத சபையைச் சேர்ந்த ரெஜிலா. "தக்கலையில இருந்தே பாப்பாவ."

இப்போது இருவரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே ரெஜிலாவின் கண் சுவரில் ஒளிர்ந்த நேரப் பலகைக்குப் போயிற்று. ஒவ்வொருவரும் ஓட்டியதில் மிக வேகமான ஒரு சுற்றின் நேரம் அதில் இருந்தது. லிஜியின் பெயருக்கு அடுத்து இரண்டாவதாக இருந்த பெயர் ரெஜிலா. அவள் அதை மூன்று முறை படித்தாள். வீட்டுக்குப் போகும் பேருந்தில், எட்டாவது வந்த வெட்கத்தைவிட அந்த இரண்டாவது எண்தான் அவளைத் தொந்தரவு செய்தது. வெட்கம் இரண்டு நாளில் ஆறிவிடும். இது ஆறாது என்று தோன்றியது.

*

தக்கலையில் ரெஜிலாவும் அவள் கணவன் செல்வதாசும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார்கள். பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ரெஜிலா. பதினோரு வருடங்களாக அவள் காரின் இடப்பக்க இருக்கையில், காலடியில் தனியாகப் பொருத்திய இரண்டாவது பிரேக்கின் மேல் பாதம் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டீயரிங் எப்போதும் வேறு யாருடைய கையிலாவது இருக்கும். அவளுக்கென்று இருந்தது பிரேக் மட்டும்தான். ஒரு நாளைக்கு எத்தனை முறை "பைய மக்கா, பைய" என்று சொல்கிறாள் என்று மாணவி ஜாஸ்மி ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். அரை மணி நேரத்தில் அறுபத்திரண்டு.

இந்த ஜாஸ்மிதான் எல்லாவற்றுக்கும் காரணம். இரணியலில் வங்கி ஊழியர். இரண்டு முறை ஓட்டுநர் தேர்வில் தோற்று மூன்றாவது முறை உரிமம் வாங்கியவள். அந்தச் சந்தோஷத்தில், "டீச்சர், ஒரு நாளாவது நீங்க ஸ்டீயரிங் பிடிக்கணும். ட்ரீட் எனக்க வக" என்று ஏப்ரல் விடுமுறையில் ஆரல்வாய்மொழிக்கு இழுத்து வந்தாள். காற்றாடிக் கம்பங்களுக்கு நடுவே புதிதாகத் திறந்திருந்த கோகார்ட் டிராக். பத்து நிமிடம், ஒரு ஆள் உட்காரும் குட்டி வண்டி. கியர் கிடையாது. வலக்காலுக்கு ஆக்சிலரேட்டர், இடக்காலுக்குப் பிரேக்.

தரையில் பாய் விரித்து உட்கார்ந்த உயரத்தில், சாலை தன் இடுப்புக்கு நேராக ஓடிவந்ததை ரெஜிலா இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. பயந்து அழ யாரும் இல்லை. காப்பாற்ற யாரும் இல்லை. முதல் இரண்டு சுற்றுகளில் அந்தக் காலி இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது சுற்றில் மறந்துபோனாள். பத்து நிமிடம் முடிந்தும் ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தாள். பயமில்லை என்பது தெரிந்தது. என்னவென்று பேர் வைக்கத் தெரியவில்லை.

பிறகு தனியாகவே வந்தாள். மாதத்துக்கு இரண்டு முறை, பிறகு வாரத்துக்கு ஒன்று. "சும்மா ஒரு களி" என்று, வெறும் விளையாட்டாகவே, வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். முப்பத்தேழு வயதில் அப்படித்தான் சொல்ல முடியும். டிராக்கின் கிளப்பில் அறிவிப்பு ஒட்டினார்கள்: புதியவர்களுக்கான பந்தயம், ஆடி மாதம் இரண்டாம் சனிக்கிழமை, முதல் மூன்று இடங்களில் வருகிறவர்கள் கோயம்புத்தூரில் நடக்கும் லீக்கில் கிளப்பின் வண்டியை ஓட்டலாம். ஒரு பருவம் முழுக்க, ஐந்து பந்தயங்கள். பெயரைக் கொடுத்தபோது சிஜோவிடமும் "சும்மாதான்" என்றாள். அவன் "எல்லாரும் அப்பிடித்தான் எக்கா சொல்லியாவ" என்றான்.

ஜெபத்துக்கும் ஒரு கதை உண்டு. பயிற்சிப் பள்ளி தொடங்கிய முதல் வருடம், அவசரத்தில் ஜெபிக்காமல் கிளம்பிய ஒரு நாளில், ஒரு மாணவி பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தாள். எதிரே பேருந்து. ரெஜிலாவின் கால் தானாகப் போய் இரண்டாவது பிரேக்கை அழுத்த, ஒரு முழ இடைவெளியில் கார் நின்றது. காப்பாற்றியது தன் கால்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து கண்ணை மூடி ஜெபிக்காமல் எந்த வண்டியையும் அவள் நகர விட்டதில்லை. பதினோரு வருடங்களில் அந்த ஜெபத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. காத்தருளும், விலக்கியருளும், பத்திரமாகக் கொண்டு சேர்த்தருளும். தனக்கென்று அவள் ஒன்றும் கேட்டதே இல்லை என்பது, ஒத்திகைக்குப் பிறகு வந்த அந்த வாரத்தில், மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவளுக்குத் திடீரென்று உறைத்தது. கேட்காமல் இருந்தது பணிவு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயமாகவும் இருக்கலாமோ?

*

பந்தய நாள் காலையில் குடும்ப ஜெபத்தை மாமியார் லீலாபாய் நடத்தினாள். சபையின் பெண்கள் சங்கத்துக்கு இருபது வருடம் தலைவியாக இருந்தவள். அவள் ஜெபம் நாட்டின் அதிகாரிகளில் தொடங்கி, மிஷன் ஊழியர்களைத் தொட்டு, ரப்பர் விலை வழியாக வீட்டுக்கு வந்து சேரும். அதற்குள் புட்டும் பயறும் ஆறிவிடும்.

"எங்கள் ரெஜிலாவை உமது சமுகத்தில் வைக்கிறோம் ஆண்டவரே" என்று லீலாபாய் கடைசியில் வீட்டுக்கு வந்தாள். குரல் உருகியது. "இன்றைக்கு அவள் வண்டி ஓட்டப் போகிறாள். அவள் வேகமாய்ப் போகாதபடிக்கும், ஒருவரையும் முந்தாதபடிக்கும், எல்லாருக்கும் பின்னாலே பைய வந்து சேரும்படிக்கும் கிருபை செய்தருளும். ஆமென்."

"ஆமென்" என்றான் செல்வதாஸ்.

ரெஜிலாவின் வாய் திறந்தது. ஆமென் வரவில்லை. இந்த வீட்டுக்கு வந்த பதினான்கு வருடங்களில் மாமியின் ஜெபத்துக்கு அவள் ஆமென் சொல்லாத நாள் கிடையாது. மழை வேண்டாம் என்ற ஜெபத்துக்கும் சொல்லியிருக்கிறாள், மழை வேண்டும் என்ற ஜெபத்துக்கும் சொல்லியிருக்கிறாள். இப்போது வாயை மூடிக்கொண்டு பப்படத்தை நொறுக்கிப் புட்டில் போட்டாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது செல்வதாஸ் மெதுவாகக் கேட்டான். "நீ ஆமென் சொல்லல்லியே?"

"தொண்ட கட்டிச்சு."

அவன் அவளைப் பார்த்தான். மனைவியின் தொண்டையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவன்தான். "அப்பம் சும்மா களி இல்ல, என்னா?"

அவள் குனிந்துகொண்டாள். செருப்பு வாரை மாட்டி முடிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது.

"இன்னைக்கு உனக்க கிளாசு எல்லாம் நான் எடுக்கேன்" என்றான் அவன். "அந்த நாலு பொண்ணுங்களுட்டயும் நான் பைய பையன்னு சொல்லிக்கிடுதேன். நீ போ."

*

ஜாஸ்மி தன் ஸ்கூட்டரில் அழைத்துப்போனாள். நாகர்கோவில் தாண்டித் தோவாளை வந்ததும் ஆடிக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளத் தொடங்கியது. மலைக்கு நடுவே இருந்த வாசல் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. காற்றாடிகள் எல்லாம் வெறி பிடித்தது போலச் சுற்றின. பின்னால் உட்கார்ந்திருந்த ரெஜிலா, பழக்கதோஷத்தில், கால் வைக்கும் கம்பியை அழுத்தி அழுத்திப் பிரேக் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், சவிட்டாதுங்க! வண்டி ஆடுது!"

"நீ பைய போ மக்கா!"

"நான் பையதான் போறேன். காத்துதான் தள்ளுது!"

சொல்லி முடிப்பதற்குள் டிராக்குக்குத் திரும்பும் வழி பின்னால் போய்விட்டது. காற்று அவர்களை அரை கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுபோய் விட்டிருந்தது. ஜாஸ்மி தலையில் அடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள். இப்போது காற்று நேராக முகத்தில். ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கியும் ஸ்கூட்டர் கிழட்டு எருமை மாதிரி நகர்ந்தது.

திருப்பம் வந்தது. "பிரேக்கப் பிடி" என்று சொல்லி ரெஜிலாவும் காலை அழுத்தினாள். ஜாஸ்மி பிரேக்கைத் தொடவே இல்லை. கையைத் தளர்த்தினாள், அவ்வளவுதான். ஸ்கூட்டர் தானே தளர்ந்து, அழகாக வளைந்து, மண் பாதையில் இறங்கியது.

"பிரேக்கு பிடிக்கல்லியா நீ?"

"எதுக்கு டீச்சர்? அதான் காத்து பிடிக்குதே."

ரெஜிலாவின் பாதம் கம்பியின் மேல் அப்படியே நின்றது. காத்து பிடிக்குது. அவள் மனம் உடனே டிராக்குக்குள் நுழைந்து, நீண்ட நேர்பாதையில் மேற்கே பார்த்து ஓடியது. அதன் முடிவில் மலையைப் பார்த்த வளைவு. எல்லோரும் பிரேக் பிடிப்பதற்காக ஓரத்தில் மஞ்சள் கோடு போட்ட இடம். அந்தக் கோடு காற்றில்லாத ஏப்ரல் மாதத்தில் போட்டது.

"டீச்சர், எறங்கல்லியா?"

"ஆங்" என்றாள் ரெஜிலா. உட்கார்ந்தே இருந்தாள்.

*

பந்தயத்துக்கு முன் ஒவ்வொருவரும் ஓட்டிய சுற்றின் நேரம் பார்த்து வரிசை போட்டதில் ரெஜிலாவுக்கு நான்காவது இடம் கிடைத்தது. மஞ்சள் கோட்டை அவள் அப்போது தாண்டிப் பார்க்கவில்லை. தைரியம் வரவில்லை என்பது ஒன்று; வந்திருந்தாலும் மற்றவர்களுக்கு முன்னால் காட்ட மனமில்லை என்பது இன்னொன்று. இப்படி ஒரு கள்ளத்தனம் தனக்குள் இருப்பதைக் கண்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

முதலில் லிஜி. இரண்டாவது திருநெல்வேலியிலிருந்து வந்த ஒருவர். மூன்றாவது ஜெரிஷ், திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலை. சொந்தமாகச் சிவப்பு உடையும் சிவப்புக் கையுறையும் வைத்திருந்தான். அவனுடைய முதுகுக்குப் பின்னால் ரெஜிலா வண்டியை நிறுத்தினாள். பத்துச் சுற்று. மூன்றாவது இடம் வரைக்கும்தான் கோயம்புத்தூர். நடுவில் இருந்தது அந்தச் சிவப்பு முதுகு ஒன்று.

லிஜி திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டாள். "எக்கா, கண்ணு! கண்ணு தொறந்து வச்சுக்கிடுங்க!" நெற்றி, மார்பு, தோள், தோள். முடித்துவிட்டாள்.

முதல் விளக்கு எரிந்தது.

ரெஜிலா கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள். திறந்த கண்ணோடு ஜெபிப்பது, யாரையோ நேருக்கு நேர் பார்த்துப் பேசுவது போல இருந்தது. காத்தருளும் என்று வழக்கமான சொல் நாவுக்கு வந்தது. அது வேண்டாம் என்று விட்டாள். இரண்டாவது விளக்கு. ஆண்டவரே என்றாள். மூன்று. மாமி காலையில் கேட்டதை நீர் கேட்டிருப்பீர் என்றாள். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான்கு. எனக்கு, என்று தொடங்கினாள். ஐந்து. எனக்கு இது...

விளக்குகள் அணைந்தன. வினைச்சொல் வருவதற்கு முன் வலக்கால் போய்விட்டது.

முதல் வளைவில் யாரோ பின்னாலிருந்து இடித்தார்கள். வண்டி ஆடியது, நின்றுவிடவில்லை. இரண்டாம் சுற்றில் ஐந்தாவதாக இருந்தாள், மூன்றாம் சுற்றில் மறுபடி நான்காவது. லிஜி தொலைவில் போய்விட்டாள். ஜெரிஷின் சிவப்பு முதுகு மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ரெஜிலா நெருங்கினாள். ஒவ்வொரு நேர்பாதையிலும் அவன் விலகினான். மஞ்சள் கோடு வரும்போதெல்லாம் அவன் பிரேக் பிடித்தான். அவளும் பிடித்தாள். பிடிக்காதே என்று காலுக்குச் சொன்னாள். பதினோரு வருடம் சம்பளம் வாங்கிய கால் அது. அவள் பேச்சைக் கேட்கவில்லை. பைய மக்கா, பைய என்று அவளுடைய குரலே அவளுக்கு ஹெல்மெட்டுக்குள் கேட்டது.

எட்டாவது சுற்றில் கோட்டைத் தாண்டி ஒரு முழம் விட்டுப் பிடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. காற்று நெஞ்சில் கைவைத்து நிறுத்தியது. ஒன்பதாவது சுற்றில் இரண்டு ஆள் நீளம் விட்டாள். சிவப்பு முதுகு இவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. இன்னும் ஒரே சுற்று என்று சிஜோ பலகை காட்டினான்.

கடைசி முறையாக மேற்கே திரும்பியபோது மலை முழுக்க அவள் முன்னால் நின்றது. காற்று அடித்தது. ஜெரிஷின் வண்டி கோட்டருகே தளர்ந்தது. பதினோரு வருடமாகத் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை ரெஜிலா இப்போது தெளிவாகக் கண்டாள்: ஸ்டீயரிங் இல்லாதவள், எல்லா விபத்துகளையும் முன்கூட்டியே பார்த்துவிடுகிறவள், கால் தயாராக இருப்பவள். அவள்மேல் கோபம் வரவில்லை. நீ எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறாய் என்றுதான் தோன்றியது. இந்த ஒரு வளைவுக்கு மட்டும் இறங்கிக்கொள் மக்கா.

இடக்காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து வண்டித் தளத்தில் வைத்தாள், வலக்காலைத் தளர்த்தினாள்.

காற்று பிடித்தது. வண்டி தானே தளர்ந்து, உள்பக்கமாக நுழைந்து, சிவப்புக் கையுறைக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்றது போலிருந்தது. பிறகு கையுறை பின்னால் போயிற்று. அடுத்த வளைவு. அதற்கடுத்தது. முதுகுக்குப் பின்னால் ஜெரிஷின் எஞ்சின் இரைச்சல் காதைப் பிய்த்தது. கட்டம் போட்ட கொடியைச் சிஜோ இரண்டு கையாலும் வீசிக்கொண்டிருந்தான். வண்டியின் மூக்கு அதைத் தாண்டியபோது, ஜெரிஷின் வண்டி மூக்கு அவளுடைய தோளுக்கு நேராக இருந்தது.

"வேணும்!" என்று ரெஜிலா ஹெல்மெட்டுக்குள் கத்தினாள். விட்டுப்போன வினைச்சொல் இப்போதுதான் வந்தது. "எனக்கு இது வேணும்! ஆமென்!"

*

"ஒரு பொம்பள பிரேக்கே பிடிக்காம வாறா" என்று ஜெரிஷ் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான், தோற்ற கோபத்தைவிட வியப்புதான் அதிகம். "எக்கா, நீங்க என்ன வேல பாக்கிய?"

"டிரைவிங் ஸ்கூல் டீச்சர்" என்றாள் ஜாஸ்மி முந்திக்கொண்டு. "பிரேக்கு பிடிக்கதுக்குத்தான் சம்பளம்."

லிஜி ரெஜிலாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எக்கா, கோயம்புத்தூருக்கு நம்ம ரெண்டுபேரும் ஒண்ணாப் போலாம். நான் டிக்கெட் எடுக்கேன். ஒரு கண்டிசன், டிரெயின் கிளம்பதுக்கு முந்தி ஜெபிச்சு முடிச்சிரணும்."

கைபேசி அடித்தது. செல்வதாஸ். விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷம் தாங்காமல் "கொள்ளாம்! கொள்ளாம் ரெஜி!" என்று கத்தினான். பின்னாலிருந்து யாரோ ஒரு மாணவி "சார், முன்னால ஆடு!" என்று அலறுவதும் கேட்டது. கைபேசி கைமாறி, வீட்டுக்குப் போய், லீலாபாயிடம் வந்து சேர்ந்தபோது பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"மக்கா, பத்திரமா இருக்கியா?"

"இருக்கேன் மாமி. மூணாவது வந்தேன்."

"மூணாவதா?" குரலில் சந்தேகம். "பின்னால இருந்தா?"

"முன்னால இருந்து."

 ரெஜிலா கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஆமென் சொல்லாத காலை நேரம் நெஞ்சில் இன்னும் சிறிய முள்ளாக இருந்தது.

"வேகமாப் போனியாட்டி?"

பொய் சொல்லக் கூடாது. மாமியை நோகடிக்கவும் கூடாது. தூரத்தில் மலையைப் பார்த்த அந்த வளைவை ரெஜிலா பார்த்தாள். அங்கே புழுதி இன்னும் அடங்கவில்லை.

"இல்ல மாமி" என்றாள். "பிரேக்க மட்டும் கொஞ்சம் பைய பிடிச்சேன்."

"அப்பிடிச் சொல்லு!" என்றாள் லீலாபாய் நிம்மதியாக. "நான் ஜெபிச்சது வீணாப் போவல்ல, பாத்தியா?"